பட்டாணி வயலுக்கு ஏற்ற தோட்டா

புதன்கிழமை காலை, சிரில் கேட்ச்போலின் சாப்பாட்டு மேஜையில் ஏழு வகைத் தோட்டாக்கள் வரிசையாக நின்றிருந்தன. எட்டாவதாக ஒரு அவித்த முட்டை தன் கிண்ணத்தில் நின்றது. சிரில் முதல் தோட்டாவை வெர்னியர் அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் எழுதினார். இரண்டாவதை அளந்தார், எழுதினார். வரிசை தவறாத மனிதர் என்பதால் கடைசியில் முட்டையையும் அளந்துவிட்டார்.

"அது எத்தனை மில்லிமீட்டர்?" என்றாள் அவர் மனைவி டாரீன்.

"அறுபது."

"அப்ப உன் துப்பாக்கிக்குள்ள போகும். சாப்பிடப் போறியா, சுடப் போறியா?"

சிரில் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருடம் அவர் சஃபோக் மாவட்டத்தின் எடையளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். அவர் தொப்பி தெருமுனையில் தெரிந்தால் மூன்று ஊர்களின் கசாப்புக் கடைக்காரர்கள் தராசிலிருந்து கட்டை விரலை எடுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றபின் அந்தக் கட்டை விரல்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. அவர் எதிரிலேயே திரும்பிவிட்டன என்பதுதான் அவருக்கு வலித்தது.

இந்த நிலையில்தான் அவர் ஏலத்தில் அந்தத் துப்பாக்கியை எடுத்தார். நூறு வருடத்துக்கு முற்பட்ட இரட்டைக்குழல். இரும்பையும் எஃகையும் பின்னல் மாதிரி முறுக்கிச் செய்த குழல்கள். வெளிச்சத்தில் பாம்புத் தோல்போல மின்னும். சுட ஓர் இடம்தான் கிடைக்கவில்லை. முதல் பண்ணையில், வரவேற்ற பண்ணைக்காரரின் எடைமேடையை அளந்து பார்த்துப் பிழை சொன்னார். இரண்டாவது பண்ணையில், பால் அளக்கும் குவளை. சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் மிச்சமிருந்தது மிசஸ் தர்லோவின் நாற்பது ஏக்கர் பட்டாணி வயல் ஒன்றுதான்.

அதற்கும் போட்டி இருந்தது. குழாய் ரிப்பேர் செய்யும் டெர்ரி போன சனிக்கிழமை அந்த வயலில் உட்கார்ந்து, பட்டாணியைத் தின்ன வந்த நூற்றுப் பன்னிரண்டு காட்டுப் புறாக்களைச் சுட்டிருந்தான். வரும் சனிக்கிழமை சிரிலின் முறை. மிசஸ் தர்லோ அதிகம் பேசாத விதவை. இரண்டு பேரையும் நிற்க வைத்து இரண்டே வாக்கியம் சொல்லியிருந்தாள்: "எனக்கு லாரில பட்டாணி ஏறணும். யாரு அதுக்கு ஒத்து வர்றாங்களோ அவங்களுக்கு வயலு, திங்கக்கிழமை சொல்றேன்."

டாரீனும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தாள். இந்த வயலும் கிடைக்காவிட்டால் துப்பாக்கி, ஆயுதக் கடைக்காரர் ஹார்வியின் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் விலைச்சீட்டோடு நிற்கும்.

"டெர்ரி," என்றார் சிரில், சமையலறைத் தொட்டிக்கு அடியில் நீண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து. அன்று குழாய் ஒழுகியதும் டெர்ரிதான் வர வேண்டியிருந்தது. "நீ எந்தத் தோட்டா உபயோகிக்கறே?"

"செகப்பு," என்றன கால்கள்.

"நிறத்தைக் கேக்கல. மருந்து எவ்வளவு, ஈய ரவை எத்தனை கிராம், ரவை என்ன நம்பர், மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல அடைக்கற தக்கை கம்பளியா காகிதமா?"

கால்கள் கொஞ்சம் யோசித்தன. "செகப்புப் பெட்டி சார். அதுல தீந்து போச்சுன்னா நீலம். வண்டில ஒரு பெட்டி கெடக்கு, எடுத்துக்கங்க. என் பொம்மைப் புறாவும் இருக்கு, ஒரு டஜன். வயல்ல நட்டு வையுங்க, நெசப் புறா துணைக்கு வந்து எறங்கும்."

பொம்மைகளைச் சிரில் ஏற்றுக்கொண்டார். சிவப்புத் தோட்டாவை அளந்தார். எழுபது மில்லிமீட்டர். அவர் துப்பாக்கியின் தோட்டா அறை அறுபத்தைந்து.

"ஆனா உள்ள போகுதே," என்றாள் டாரீன், எட்டிப் பார்த்து.

"சுடாதப்ப போகும். வெடிச்சதும் அதோட வாய் விரியும். விரிய இடம் இல்லன்னா அழுத்தம் எகிறும். எகிறினா குழல் கிழியும்."

"அது நல்லதில்ல," என்று தொட்டிக்கு அடியிலிருந்து டெர்ரி ஒப்புக்கொண்டான்.

ஆகவே சிரில் அறுபத்தைந்து மில்லிமீட்டரில், பழைய துப்பாக்கிகளுக்கென்றே செய்த மென்மையான தோட்டா ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இருபத்துநாலு கிராம் ஈயம், ஆறாம் நம்பர் ரவை, கம்பளித் தக்கை. பிளாஸ்டிக் தக்கை கூடாது. அது பட்டாணியோடு போய்ச் சேர்ந்தால் தொழிற்சாலை லாரியைத் திருப்பி அனுப்பிவிடும். இத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் சோதிக்காத எதையும் நம்புகிறவர் அல்ல சிரில்.

வியாழக்கிழமை பின்கட்டில் இரண்டு ஆப்பிள் மரங்களுக்கு நடுவே டாரீனின் இரட்டைக் கட்டில் விரிப்பு தொங்கியது. சிரில் நாற்பது தப்படி அளந்து, நின்று, சுட்டார். பிறகு விரிப்பில் முப்பது அங்குல வட்டம் வரைந்து ஓட்டைகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

டாரீன் வந்து பார்த்தாள். அது அவள் அக்கா கல்யாணப் பரிசாகக் கொடுத்த விரிப்பு.

"எத்தனை?"

"நூத்து இருபத்தொம்பது. போதாது. இங்க பாரு, இந்த மூலைல ஒரு வெற்றிடம். ஒரு புறா தாராளமா நடுவுல பறந்து போயிடும்."

"புருஷன் பொண்டாட்டியாவே போகலாம்," என்றாள் டாரீன், தலையணைப் பக்கத்தைத் தடவிப் பார்த்து.

வெற்றிடத்தை நிரப்ப ரவை அதிகம் வேண்டும். எடையைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் ரவை சின்னதாக வேண்டும். சிரில் எட்டாம் நம்பருக்கு மாறினார். இந்தத் தொழிலில் நம்பர் பெரிதாக ஆக ரவை சிறிதாகும். சிரிலுக்கு அரசாங்க உத்தியோகத்தை நினைவூட்டிய ஏற்பாடு அது. இரண்டாவது விரிப்பில் சல்லடை மாதிரி ஓட்டைகள். அவர் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

ஆனால் ஓட்டை மட்டும் போதுமா? வேகம்? அவர் தொலைபேசி டைரக்டரியை மரத்தில் கட்டி அதையும் சுட்டார். ரவை எத்தனை பக்கம் துளைக்கிறது என்று பார்ப்பது அந்தக் காலத்து வேட்டைக்காரர்களின் வழக்கம். எட்டாம் நம்பர் ரவைகள் 'ஆலன்' குடும்பத்தாரைக் கடந்து, 'பேக்கர்'களில் நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டன.

"பலம் இல்ல," என்றார் சிரில்.

"பாவம், பேக்கர் குடும்பத்தைக் கேட்டுப் பாரு," என்றாள் டாரீன்.

பலமும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி, எல்லாவற்றையும் கூட்டுவது. வெள்ளிக்கிழமை காலை சிரில் முப்பத்திரண்டு கிராம், ஐந்தாம் நம்பர் தோட்டாவை இரண்டு குழல்களிலும் போட்டுச் சுட்டார். டைரக்டரி 'வாட்சன்' வரை கிழிந்தது. சிரிலின் வலது தோள் கத்தரிக்காய் நிறமானது. துப்பாக்கியை மூடினால், எங்கோ ஒரு தளர்ந்த பல் மாதிரி லேசாக ஆடியது.

அவர் சைக்கிளில் அதைக் கட்டிக்கொண்டு ஹார்வியின் கடைக்கு ஓடினார்.

ஹார்வி நாற்பது வருடமாகத் துப்பாக்கி செப்பனிடுகிறவர். நல்ல செய்தியைத் தாழ்ந்த குரலிலும் கெட்ட செய்தியை இன்னும் தாழ்ந்த குரலிலும் சொல்லுகிறவர். குழல்களைக் கழற்றி அடிப்புறத்தைத் திருப்பினார்.

"முத்திரை எல்லாம் பாத்தீங்களா, மிஸ்டர் கேட்ச்போல்?"

சிரிலுக்குச் சுருக்கென்றது. "என்கிட்டயா கேக்கறீங்க? மொத்தம் ஏழு முத்திரை. கிரீடம் ரெண்டு, எழுத்து மூணு, எண் ரெண்டு. குறிப்பேட்டுல படமே வரைஞ்சு வெச்சிருக்கேன்."

"அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முப்பத்தோரு வருடமாகச் சிரிலின் வேலை. அது என்ன சொல்கிறது என்று பார்க்கும்படி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

"கருமருந்துக்கு மட்டும் சோதிச்சதுன்னு போட்டிருக்கு," என்றார் ஹார்வி, கிட்டத்தட்ட உதடு அசையாமல். "இப்ப வர்ற புகையில்லாத மருந்துக்கான முத்திரை இதுல இல்ல. இந்த வாரம் எத்தனை சுட்டீங்க?"

"பதினேழு."

ஹார்வி மேஜையின் மேலிருந்த சிரிலின் விரல்களைப் பார்வையாலேயே எண்ணினார். "பத்தும் இருக்கு. கடவுள் உங்க பக்கம்தான்."

சிரில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய ஏழு வகைத் தோட்டாக்களும், இரண்டு விரிப்புகளும், 'ஆலன்' முதல் 'வாட்சன்' வரை அத்தனை குடும்பங்களும் வீண். "நாளைக்குச் சனிக்கிழமை, ஹார்வி," என்றார். குரல் ஆய்வாளருடையதாக இல்லை.

ஹார்விக்கு இரக்கம் வந்தது. இரக்கப்பட்டால் வேலை செய்கிற சுபாவம் அவருக்கு. "ஆடுறதை இறுக்கித் தர்றேன். கருமருந்துலயே ஐம்பது தோட்டா கையால கட்டித் தர்றேன். இருபத்தெட்டு கிராம், ஆறாம் நம்பர். இந்தத் துப்பாக்கி பொறந்தப்ப சாப்பிட்ட சாப்பாடே அதுதான்."

"ஏதாவது குறை உண்டா?"

"கொஞ்சம் புகையும்."

சனிக்கிழமை காற்று அடியோடு இல்லை. ஓக் மரங்களின் இலைகள் வர்ணம் பூசிய மாதிரி நின்றன. சிரில் வேலி ஓரத்தில் வலையைக் கட்டி மறைப்பு அமைத்து, கோட்டும் டையுமாக உள்ளே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முன்னால் டெர்ரியின் பன்னிரண்டு பொம்மைப் புறாக்கள், புறா காற்றைப் பார்த்தே உட்காரும் என்பதால் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சரியாக இருக்கும்படி, பக்கத்துக்கு மூன்றாக நான்கு திசையையும் பார்த்து நின்றன.

ஆறரைக்கு ஒரு புறா வந்தது. நீலச் சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளைப் பட்டை. இறக்கையை மடித்துச் சறுக்கி இறங்கியது. சிரில் எழுந்து, வலது குழலைச் சுட்டார்.

பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அதன்பின் ஒரு வெள்ளை மேகம். மேகம் வலைக்குள் புகுந்து, அங்கே தங்குவதென்று முடிவு செய்தது. சிரிலுக்குப் புறாவும் தெரியவில்லை, பொம்மைகளும் தெரியவில்லை, துப்பாக்கியின் நுனியும் தெரியவில்லை. கடமை தவறக் கூடாதென்று இடது குழலையும் மேகத்துக்குள் சுட்டார்.

மேகம் விலகச் சில நிமிடங்கள் ஆயின. புறா விழுந்திருக்கவில்லை. ஒரு பொம்மைக்குத் தலை இருக்கவில்லை.

யோசித்தார். புகை மறைக்கிறதென்றால் புகைக்கு மேலே தலை தெரியும்படி நிற்க வேண்டும். ஸ்டூலில் ஏறி நின்றார். அடுத்து வந்த கூட்டம், வேலிக்கு மேலே டை கட்டிய மனிதன் ஒருவன் இடுப்பளவுக்கு முளைத்திருப்பதைத் தூரத்திலேயே பார்த்துத் திரும்பியது. திரும்பிய பிறகும் சுட்டார். இரண்டு மேகங்கள். இறங்கி, தொப்பியால் விசிறினார். புகை அவரைச் சுற்றி வந்தது. மறைப்பைப் பிடுங்கி வயலின் மறுமூலைக்குக் கொண்டுபோய்க் கட்டினார். அங்கே பள்ளம்; புகை கிணற்றுத் தண்ணீர் மாதிரி தேங்கியது. இடம் மாற்றியதில், மீதியிருந்த பொம்மைகள் எந்தப் பக்கம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

பத்தரைக்கு மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. சாலையில் போன யாரோ, தர்லோ பண்ணை எரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தலைக்கவசம் அணிந்த நான்கு பேர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார்கள். மேகத்துக்குள்ளிருந்து கரிபூசிய முகம் ஒன்று வெளிப்பட்டது.

"எது சார் எரியுது?"

"எதுவும் எரியல. நான் புறா சுடறேன்."

தலைவர் வானத்தை ஒரு முறை முழுக்கச் சுற்றிப் பார்த்தார். "எந்தப் புறா?"

வண்டி திரும்பிப் போனது. வந்த வழக்கத்தில் மணியடித்துக்கொண்டே போனது. சிரில் மிச்சமிருந்த தோட்டாக்களை மதியம் வரை சுட்டு முடித்தார். அப்போது எதைக் குறிவைத்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. சுடுவதை நிறுத்தினால் கணக்கெடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டார் என்றுதான் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் அறிக்கை எழுதினார். நாலு பக்கம். சுட்டது ஐம்பது. விழுந்த புறா: இல்லை. விழுந்த பொம்மை: இரண்டு. அந்த 'இல்லை'யை எழுதுமுன் பேனா வெகுநேரம் நின்றது. ஒரு பத்து என்று போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் பொய் எடை போட்டவர்களை முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்துக்கு இழுத்த கை அது. 'இல்லை' என்றே எழுதியது.

திங்கட்கிழமை காலை டாரீன் கேலி எதுவும் பேசவில்லை. அவர் டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டிருந்தாள். அதுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"துப்பாக்கியை விக்கறதா ஹார்விகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. மொதல்ல போய்ட்டு வா."

பண்ணை முற்றத்தில் டெர்ரி முன்னதாகவே வந்து, வண்டி மேல் சாய்ந்து நின்றான். தலையில்லாத இரண்டு பொம்மைகளையும் சிரில் காகிதத்தில் சுற்றி, முறைப்படி மன்னிப்புக் கேட்டு ஒப்படைத்தார்.

"பரவால்ல சார்," என்றான் டெர்ரி. "ரெண்டு பட்டிருக்குல்ல. சுத்தமா பூஜ்யம்னு யாரும் சொல்ல முடியாது."

மிசஸ் தர்லோ ரப்பர் பூட்ஸோடு வந்தாள். அறிக்கையை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு வயலைப் பார்த்தாள். பிறகு சிரிலை.

"அம்பதும் சுட்டீங்களா?"

"ஐம்பதும்."

"மழைல இந்த மருந்து வெடிக்குமா?"

"தோட்டாவுக்குள்ள நனையாது."

"ஒரு நாளைக்கு அம்பதுக்கு மேல முடியுமா?"

சிரில் நிமிர்ந்தார். இந்த ஒரு வாரத்தில் யாரும் அவரிடம் ஒழுங்கான தொழில்நுட்பக் கேள்வி கேட்டதில்லை. "குழலை அப்பப்ப வெந்நீர்ல கழுவினா எண்பதுகூட முடியும். ஆனா நேர்மையா சொல்லணும், மிசஸ் தர்லோ. நாலாம் பக்கத்துல இருக்கு. முடிவு திருப்திகரமா இல்ல. ரவையை ஏழாம் நம்பருக்கு மாத்தி, மருந்தைக் கொஞ்சம் குறைச்சு..."

"எதையும் மாத்த வேணாம்," என்றாள் அவள் சட்டென்று. "அதே தோட்டா. அதே அளவு. அறுவடை வரைக்கும் புதன், சனி ரெண்டு நாளும் வாங்க. வயல் உங்களுக்கு."

டெர்ரி வண்டியிலிருந்து முதுகை எடுத்தான். "அம்மா, நான் நூத்திப் பன்னெண்டு. இவரு ஒண்ணுகூட இல்ல."

"எண்ணத் தெரியும் டெர்ரி," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சிரில் டையைச் சரி செய்துகொண்டார். அவர் உயரத்தில் ஓர் அங்குலம் கூடினதை டெர்ரி தன் கண்ணால் பார்த்தான்.

"மனசு தளராதே, டெர்ரி," என்றார் பெருந்தன்மையோடு. "விழுந்த புறாவை யாரு வேணும்னாலும் எண்ணலாம். அந்தம்மா அதுக்கும் மேல பாக்கறாங்க. முறை, டெர்ரி. துப்பாக்கிக்கு ஏத்த மருந்து, மருந்துக்கு ஏத்த ரவை. நீ செகப்புப் பெட்டி, நீலப் பெட்டின்னு இருக்கே. ஒரு நாள் சாயந்திரம் வீட்டுக்கு வா, அறிக்கையோட நகல் தர்றேன்."

டெர்ரி வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

சிரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். முப்பத்தோரு வருடப் பணிக்குப் பின் கிடைத்த முதல் அங்கீகாரம் என்று டாரீனிடம் எப்படித் தொடங்குவது என மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓட்டும் ஆல்ஃபி, வயல் கதவின் சாவியைக் கயிற்றில் கோத்து நீட்டினான்.

"அம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சார்," என்றான். "டெர்ரி பொம்மை வெச்சு நூத்திப் பன்னெண்டு சுட்டான், அந்தப் பொம்மையப் பாத்து மூணு ஊருப் புறாவும் வந்து மேஞ்சுட்டுப் போச்சு, நீங்க சுட்டதுலேர்ந்து இந்தத் திசைக்கே ஒண்ணும் வர்றதில்ல, அதனால தயவுபண்ணிக் குறி பாக்க மட்டும் கத்துக்கிடாதீங்க."